மேடு, மேசை, தரிசு

2010 மே 22 அன்று காலை, மங்களூர் விமான நிலையத்தில் ஓடுபாதையைத் தாண்டி ஓடிய விமானம் பள்ளத்தில் விழுந்து 158 பேர் இறந்தார்கள். அதுவரை விமானிகள் வட்டாரத்தில் மட்டும் புழங்கிய ஒரு வார்த்தை அன்றுதான் வீடுகளுக்குள் வந்தது: டேபிள்டாப். 2020 ஆகஸ்ட் 7 அன்று இரவு, கொட்டும் மழையில், கோழிக்கோடு விமான நிலையம் இருக்கும் கரிப்பூரில் கிட்டத்தட்ட அதே மாதிரி இன்னொரு விபத்து. 21 பேர் பலி. மறுபடி அதே வார்த்தை. நாலு பக்கமும் சரிவு, உச்சியில் மட்டும் சமதளம், அதன் மேல் ஓடுபாதை. மேசையின் விளிம்பைத் தாண்டினால் கீழேதான் போக வேண்டும்.

ஆங்கிலத்திலிருந்து கடன் வாங்கிய இந்த மேசைக்கு மேற்குக் கடற்கரையில் பழைய பெயர்கள் உண்டு. மங்களூர்ப் பக்கம் துளு பேசுகிறவர்கள் இப்படிப்பட்ட செம்புறாங்கல் மேட்டைப் பதவு என்பார்கள். கண்ணூர், காசர்கோடு பக்கம் போனால் அதுவே பாறை. ஓண சமயத்தில் நீலப் பூ விரித்துக் கிடக்கும் மாடாயிப்பாறை அந்த வகைதான். இன்னும் வடக்கே ரத்னகிரியில் அதற்குப் பெயர் சடா. ஒரே கடற்கரை, ஒரே கல், ஒரே மழை. மொழிக்கு ஒரு பெயர். விமானம் விழுந்த பிறகு நாடு கற்றுக்கொண்டது மட்டும் ஆங்கிலப் பெயரை.

தமிழ் மாணவன் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொள்ளும் பெயர் பீடபூமி. பீடம் போல் உயர்ந்து நிற்கும் பூமி. தெலுங்கிலும் மலையாளத்திலும் இதே சொல்தான். கன்னடத்தில் பிரஸ்தபூமி. வங்காளத்திலும் ஒடிசாவிலும் மாலபூமி. குஜராத்தியில் உச்சபிரதேசம். இந்தியிலும் மராத்தியிலும் பட்டார். பட்டாரைத் தவிர மற்றவை பெரும்பாலும் பாடப்புத்தகத்தின் சொற்கள். பரீட்சைக்கு எழுதுவதற்கும் வரைபடத்தில் பழுப்பு நிறம் தீட்டுவதற்கும் பயன்படுகின்றன. மாட்டை ஓட்டிக்கொண்டு போகிறவர் யாரும் 'பீடபூமிக்குப் போய்விட்டு வருகிறேன்' என்று சொல்வதில்லை. அவருக்கு அது மேடு, மேட்டாங்காடு, திட்டு, கரடு.

பெரிய பெயர்களிலும் உயரத்தைச் சொல்பவை குறைவு. இந்தியாவின் மிகப் பெரிய பீடபூமி தக்காணம். அந்தப் பெயரில் உயரமும் இல்லை, சமதளமும் இல்லை. 'தட்சிணம்' என்ற வடசொல் மருவி வந்த அது வெறும் திசைப்பெயர். வடக்கே இருந்து பார்த்தவர்களுக்கு அது தெற்கு. அவ்வளவுதான். அதன் மேற்குப் பகுதியில் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டருக்குப் பரவிக் கிடக்கும் எரிமலைக் குழம்புப் பாறைக்கு நிலவியலார் வைத்த பெயர் டெக்கான் டிராப். ஏறக்குறைய 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் அடுக்கடுக்காக வழிந்து இறுகிய குழம்பு அது. 'டிராப்' என்பது பொறி என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அது படிக்கட்டைக் குறிக்கும் ஸ்வீடிஷ் சொல். புனேயிலிருந்து மும்பைக்கு ரயிலில் இறங்குகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தால் போதும், படி படியாக மலை தெரியும்.

லடாக் போனால் இன்னொரு குழப்பம். எல்லைப் பிரச்னையில் அடிக்கடி அடிபட்ட டெப்சாங், 2024 அக்டோபரில் சீனாவுடன் ரோந்து பற்றிய உடன்பாடு ஏற்பட்டபோதும் செய்திகளில் வந்தது. எல்லாப் பத்திரிகைகளும் அதைச் சமவெளி என்றே எழுதின. கடல் மட்டத்திலிருந்து சுமார் 5,000 மீட்டர் உயரத்தில் ஒரு சமவெளி! ஆனால் பிழை பத்திரிகைகளுடையது என்று சொல்லிவிட முடியாது. லடாக்கியிலும் திபெத்தியிலும் 'தாங்' என்றால் வெட்டவெளியான சமதரை. சாங்தாங் என்றால் வடக்குச் சமவெளி. எல்லாமே உயரத்தில் இருக்கிற ஊரில் உயரத்தைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. தட்டையாக இருப்பதுதான் செய்தி. இதற்கு நேர்மாறான கதை மேற்கு ஆசியாவில். போர்ச் செய்திகளில் 'கோலான் குன்றுகள்' என்று எழுதப்படும் இடம் உண்மையில் எரிமலைப் பாறையாலான ஒரு பீடபூமி. கீழே கலிலேயாவிலிருந்து அண்ணாந்து பார்த்தவருக்கு அது குன்று; மேலே நின்று பார்ப்பவருக்கு வயல்வெளி. எங்கே நிற்கிறோம் என்பதைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது.

பெயர் மாறுவதால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். கேட்க வேண்டிய இடம் சோட்டாநாக்பூர்.

ஜார்க்கண்டின் மேற்குப் பகுதியில் நேதர்ஹாட்டைச் சுற்றி 1,000 மீட்டருக்கு மேல் உயர்ந்து, உச்சி தட்டையாக நிற்கும் மலைகளுக்குப் பாட் என்று பெயர். நேதர்ஹாட் பாட், ஜமீரா பாட் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர். எல்லை தாண்டி சத்தீஸ்கருக்குள் போனால் மைன்பாட். 1960களில் திபெத்திய அகதிகள் குடியமர்த்தப்பட்ட இடம். பாட்டுக்குக் கீழே உள்ள விவசாயி தன் நிலத்தை இரண்டாகப் பிரிக்கிறார். தண்ணீர் தேங்கும் பள்ளம் தோன்; தண்ணீர் நிற்காத மேடு டாண்ட். தோன் நெல்லுக்கு. டாண்ட் கேழ்வரகுக்கும் சாமைக்கும், சீக்கிரம் விளையும் கோடா நெல்லுக்கும். அதிலேயே ஒன்றாம் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று உட்பிரிவுகள் வேறு. மழை பொய்த்த வருடத்தில் தோன் காய்ந்தாலும் டாண்ட் கொஞ்சம் கஞ்சி ஊற்றும் என்பது அங்குள்ள கணக்கு.

ஒடிசாவின் கோராபுட்டிலும் இதே நுணுக்கம். மலைச்சரிவு டோங்கர். சரிவில் வாழ்பவர்கள் என்பதால்தான் டோங்கரியா கோந்துகளுக்கு அந்தப் பெயர். ஓடை ஓரமாகப் படிப்படியாக வெட்டிய நெல்வயல் ஜோலா. உச்சி தட்டையான பெரிய மலைக்கு மாலி: தேவ்மாலி, பாப்ளிமாலி, பஞ்ச்பட்மாலி, கோடிங்காமாலி. மாலி என்ற ஒரு சொல்லுக்குள் முழு ஏற்பாடும் அடக்கம். உச்சியில் மேய்ச்சலும் தெய்வமும், சரிவில் கொள்ளும் சிறுதானியமும், அடியில் ஊற்றும் நெல்லும்.

இந்த ஊற்றுக்கும் தட்டையான உச்சிக்கும் தொடர்பு உண்டு. மலையின் உச்சி தட்டையாக இருந்தால் மழைநீர் உடனே வழிந்து ஓடாது. பல லட்சம் ஆண்டுகள் அந்தத் தண்ணீர் பாறைக்குள் இறங்கி இறங்கி, கரையக்கூடியதை எல்லாம் கரைத்து எடுத்துக்கொண்டு போய்விட, மேலே மிஞ்சுவது இரும்பும் அலுமினியமும் செறிந்த சிவப்புத் தொப்பி. இரும்பு மிஞ்சினால் செம்புறாங்கல். அலுமினியம் மிஞ்சினால் பாக்சைட். துளைகள் நிறைந்த இந்தத் தொப்பி மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு கோடை வரை கசிய விடுகிறது. தொப்பி முடிந்து களிமண் தொடங்கும் இடத்தில் ஊற்றுக்கண் திறக்கிறது. ஆக, மலை எதனால் தண்ணீர் தருகிறதோ, அதனாலேயே சுரங்கத்துக்கும் லாயக்காகிறது. பஞ்ச்பட்மாலியில் 1980களின் நடுவிலிருந்து பாக்சைட் வெட்டப்படுகிறது. பாப்ளிமாலித் திட்டத்தை எதிர்த்த காசிப்பூர் மக்கள் மீது 2000 டிசம்பரில் மைக்காஞ்ச் கிராமத்தில் நடந்த போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் மூன்று பேர் இறந்தார்கள்.

இங்கேதான் நான்காவது சொல் ஒன்று நுழைகிறது. பதவையும் சடாவையும் பாட்டையும் மாலியையும் ஒரே வீச்சில் அழித்துவிடும் சொல்: தரிசு.

தரிசு என்பது ஆரம்பத்தில் கணக்குப்பிள்ளையின் வார்த்தை. வெள்ளைக்காரர் காலத்தில் நிலவரித் திட்டம் வந்தபோது, எந்த நிலம் அரசாங்கத்துக்குக் காசு தரும், எது தராது என்று பார்த்து நிலத்தைப் பிரித்தார்கள். தமிழ்நாட்டு வருவாய்த்துறைப் பதிவேட்டில் 'தீர்வை ஏற்பட்ட தரிசு', 'தீர்வை ஏற்படாத தரிசு' என்று இன்றைக்கும் எழுதுகிறார்கள். மகாராஷ்டிரத்தின் சாத்பாரா எனப்படும் 7/12 சிட்டாவில் இதற்குச் சமமான பதம் 'போட் கராப்': பட்டா நிலத்துக்குள்ளேயே பயிருக்கு லாயக்கில்லாத பகுதி, அதனால் தீர்வை கிடையாது. இதில் தவறு ஒன்றும் இல்லை. வரி வராத நிலத்தை வரி வராத நிலம் என்று எழுதுவது நேர்மையான கணக்குதான்.

தவறு அடுத்த கட்டத்தில் நடக்கிறது. 'இங்கே வரி இல்லை' என்று எழுதிய சொல்லை நூறு வருஷம் கழித்து 'இங்கே ஒன்றுமே இல்லை' என்று படிக்கிறார்கள். கணக்கைச் சொன்ன சொல் இயற்கையைச் சொல்லும் சொல்லாகிவிடுகிறது. மத்திய அரசு அவ்வப்போது வெளியிடும் தரிசு நில வரைபடத் தொகுப்பிலும் பாறைப் பரப்புக்கு ஒரு தனி இனம் உண்டு. செயற்கைக்கோள் மேலிருந்து பார்க்கிறது. மரம் இல்லை, பயிர் இல்லை, கல் தெரிகிறது. எனவே தரிசு. அதே இடத்தை ஆகஸ்ட் மாதத்தில் காலால் நடந்து பார்த்தால் வேறு விஷயங்கள் தெரியும்.

கொங்கணத்தின் சடா அதற்கு நல்ல சாட்சி. மே மாதத்தில் ரத்னகிரி மேடுகள் கொதிக்கும் தோசைக்கல். கறுத்த கல்லைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. ஜூனில் மழை இறங்கியதும் குழிகளில் தண்ணீர் நிற்கிறது, விரல்கடை மண்ணில் புல் முளைக்கிறது. மண் கொஞ்சம் ஆழமாக இருக்கும் இடத்தில் நெல்லும் கேழ்வரகும் போடுகிறார்கள். மாடு மேய்கிறது, மிச்சப் புல் அறுத்துத் தீவனமாகிறது. கல்லில் வெடிவைத்துக் குழி பறித்து, வெளியிலிருந்து மண் கொண்டுவந்து கொட்டி, அதில் அல்போன்சா மாங்கன்று நடுகிறார்கள். சடாவின் ஓட்டைகள் வழியே இறங்கிய தண்ணீர்தான் கீழே சரிவில் இருக்கும் குடியிருப்புகளின் கிணற்றில் ஊறுகிறது. இந்த வேலை எதற்கும் சிட்டாவில் ஒரு கட்டம் கிடையாது.

கல்லிலேயே வேறொரு செல்வமும் இருக்கிறது. சடாவின் பாறைத்தரையில் யாரோ என்றோ கீறி வைத்த உருவங்கள்: யானை, மான், மீன், மனிதன், அர்த்தம் புரியாத கட்டங்கள். மராத்தியில் காதள்சில்பம் என்பார்கள். காதள் என்றால் கரும்பாறை. வரலாற்றுக்கு முந்திய காலத்தவை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கஷேலி என்ற ஊரில் உள்ள யானை மட்டும் சுமார் 18 மீட்டர் நீளம். அதன் உடம்புக்குள்ளேயே வேறு பல மிருகங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. 2022இல் இந்தச் சிற்பங்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. பட்டியலில் உள்ள ஊர்களில் பார்சுவும் ஒன்று.

அதே 2022இல் பார்சு இன்னொரு பட்டியலிலும் இருந்தது. முதலில் நாணாரில் அமைப்பதாக இருந்து, எதிர்ப்பால் 2019இல் கைவிடப்பட்ட பிரம்மாண்ட எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்கு மாற்று இடமாக அது முன்வைக்கப்பட்டது. நிலத்தின் பெரும்பகுதி தரிசு, குடியிருப்பு எதுவும் பாதிக்கப்படாது என்பதுதான் அந்த இடத்துக்கு ஆதரவாகச் சொல்லப்பட்ட முக்கியக் காரணம். 2023 ஏப்ரலில் மண் பரிசோதனைக்குத் துளையிடும் இயந்திரங்கள் வந்தபோது கிராமத்துப் பெண்கள் சுட்டெரிக்கும் சடாவில் படுத்து மறித்தார்கள். பலர் கைதானார்கள். அரசு தரிசு என்று சொன்ன இடத்தை அவர்கள் சடா என்றார்கள். இரண்டு பேரும் ஒரே கல்லைப் பற்றித்தான் பேசினார்கள்.

இந்தப் பெண்கள் நின்ற இடத்திலிருந்து சாலை வழியே மலையேறிப் போனால் சாத்தாரா. அதன் அருகே சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் காஸ் பட்டார். அதுவும் செம்புறாங்கல் மேடுதான். அங்கேயும் மண் சில அங்குலம்தான். அங்கேயும் மே மாதத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை மஞ்சளும் ஊதாவும் வெள்ளையுமாகப் பூக்கள் தரை தெரியாமல் மூடுகின்றன. பூச்சியைப் பிடித்துத் தின்னும் செடிகள்கூட உண்டு. மண் குறைவாக இருப்பதால்தான் இந்தச் செடிகள் அங்கே பிழைக்கின்றன. மண் அதிகமானால் மற்றவை வந்து இவற்றை அமுக்கிவிடும். 2012இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 பகுதிகள் உலகப் பாரம்பரியச் சின்னமானபோது காஸும் அதில் இடம்பெற்றது. இன்று பூக்காலத்தில் அங்கே போக முன்பதிவு வேண்டும்; கட்டணம் உண்டு; ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பும் உண்டு. அங்கே யாரும் தரிசு என்ற சொல்லைப் பயன்படுத்துவதில்லை.

இந்த விஷயத்தில் தமிழர்கள் வேடிக்கை பார்க்கும் இடத்தில் இல்லை. நீலகிரியின் உச்சியும் ஒரு பீடபூமிதான். சோலைகளுக்கு நடுவே அலை அலையாகக் கிடந்த புல்வெளியை ஆங்கிலேயர்கள் தங்கள் ஊர் ஞாபகத்தில் 'டவுன்ஸ்' என்றார்கள். ஊட்டியை அடுத்த வென்லாக் டவுன்ஸ் சென்னை மாகாண கவர்னர் ஒருவரின் பெயரைச் சுமக்கிறது. தோடர்களுக்கு அது எருமை மேயும் இடம், கோயில் இருக்கும் இடம். வனத்துறைக்கு அது மரமில்லாத இடம். 19ஆம் நூற்றாண்டில் ஆரம்பித்து சுதந்திரத்துக்குப் பிறகும் பல பத்தாண்டுகள் அந்தக் 'காலி'ப் புல்வெளியில் சீகையும் தைலமரமும் நட்டார்கள். தோல் பதனிடப் பட்டை, செயற்கைப் பட்டு ஆலைக்கு மரக்கூழ், ஊருக்கு விறகு. காரணங்கள் நியாயமாகத்தான் தெரிந்தன. புல்வெளி சுருங்கியது, ஓடைகள் மெலிந்தன, சீகை தானாகவே பரவியது. 2022இல் தமிழக அரசு அந்நியத் தாவரங்களை அகற்றுவதற்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. செலவு செய்து நட்டதைச் செலவு செய்து பிடுங்குகிறார்கள்.

புதிய காலத்தில் தரிசு தேடும் காரணங்களும் புதியவை. லடாக்கின் பாங் பகுதியில் 13,000 மெகாவாட் மின்சாரம் தயாரிக்கும் திட்டத்துக்கான மின்பாதைக்கு 2023 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. சூரிய ஒளியும் காற்றும், புகை கிடையாது. ஆனால் பலகைகள் வைக்கத் தட்டையான இடம் வேண்டும். சாங்பா மக்களின் பஷ்மினா ஆடுகளுக்கும் அதே தட்டையான இடம்தான் வேண்டும். வெளியாள் கண்ணுக்குக் குளிர்பாலைவனம். ஆட்டுக்காரர் கணக்கில் எந்த மாதம் எந்தத் தாங்கில் புல் என்ற விவரமான அட்டவணை.

அலுமினியம் வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. எண்ணெயும் மின்சாரமும் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். ஓடுபாதைக்கும் சமதளம் தேவைதான். மலைநாட்டில் அது கிடைப்பது உச்சியில்தான். எடுப்பதா வேண்டாமா என்பது ஒவ்வொரு இடத்திலும் தனியாகத் தீர்மானிக்க வேண்டிய விஷயம். ஆனால் தீர்மானிப்பதற்கு முன்னால் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் டன்னும் மெகாவாட்டும் எண்ணப்படுகின்றன. மறுபக்கம் 'தரிசு' என்று போட்டுவிட்டால் எண்ணுவதற்கே ஒன்றும் இல்லாமல் போகிறது. பேரம் தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

எண்ணிப் பார்க்கச் சொன்ன சந்தர்ப்பம் ஒன்று உண்டு. ஒடிசாவின் நியம்கிரி மலையின் உச்சியில் பாக்சைட் வெட்டலாமா என்ற வழக்கில், 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம், அங்குள்ள கிராம சபைகளே இதைப் பரிசீலிக்கட்டும் என்றது. அந்த வருடம் மழைக்காலத்தில் 12 கிராம சபைகள் கூடின. நீதிபதி ஒருவர் முன்னிலையில் டோங்கரியா கோந்துகள் மலையில் என்ன இருக்கிறது என்று தங்கள் மொழியில் சொன்னார்கள்: கிழங்கு, பழம், மருந்து, ஓடை, மேய்ச்சல், உச்சியில் நியமராஜா. பன்னிரண்டு சபைகளும் சுரங்கம் வேண்டாம் என்றன. அரசாங்கக் காகிதத்தில் 'பாக்சைட் இருப்பு' என்று மட்டும் எழுதியிருந்த உச்சி, தெய்வம் அமர்ந்திருக்கும் இடம் என்று பதிவாயிற்று.

பீடம் என்ற சொல்லுக்கும் அர்த்தம் அதுதான். பரீட்சைக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்ட பீடபூமி என்ற சொல் அங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது. சடாவுக்கும் பாட்டுக்கும் பதவுக்கும் சிட்டாவில் இன்னும் இடம் வரவில்லை. எழுத வேண்டிய கட்டத்தில் இப்போதும் தரிசு என்றுதான் இருக்கிறது.